வண்டி முன்னால் போய் நிற்கட்டும்

(நிதி சேர்க்கும் நெடுந்தூர ஓட்டங்களுக்கு வீதியில் துணை நிற்கும் தொண்டர்களுக்கு ஹட்டனில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

நெடுவழி நமக்குப் புதிதில்லை. மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 16 நாள் நடந்தார்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஒரு நடை நடந்தது. அதில் சேர்ந்த பணம் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனது. நடந்தவர்களின் படம் பத்திரிகையில் வந்தது. தண்ணீர்க் கேன் சுமந்தவர் படத்துக்கு வெளியே நின்றார். இன்றைய பேச்சு அவருக்கானது.

முதலில் ஒரு கணக்கு. கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா 60 கிலோமீற்றர்கூட இல்லை. ஏற்றமோ 1,400 மீற்றர் வரும். சமதரையில் மணிக்கு 10 கிலோமீற்றர் ஓடுகிறவர் றம்பொடை வளைவுகளில் ஆறுக்கு இறங்கிவிடுவார். மூன்று கிலோமீற்றருக்கு ஒரு தடவை தண்ணீர் என்று மேசையில் இருந்து அட்டவணை போட்டால், கீழே 18 நிமிடத்தில் கிடைத்த தண்ணீர் மேலே அரை மணிக்கு ஒன்றாகிவிடும், அதுவும் உழைப்பு கூடிய இடத்தில். அதனால் மலையில் கிலோமீற்றர்க் கல்லை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம். ஏற்றத்தில் அது இரண்டு கிலோமீற்றர், இறக்கத்தில் மூன்றுக்கு மேல்.

அடுத்தது வண்டி. பதாகை கட்டிய வேன் ஓடுகிறவரின் பின்னாலேயே ஊர்ந்து வருவதைப் பலரும் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். ஏற்றத்தில் முதல் கியரில் அரைக் கிளச்சில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் கிளச் தட்டு கருகும். அந்த வாடை வந்த பிறகு செய்ய ஒன்றும் இல்லை. பின்னால் பத்து வாகனம் சேரும், பதினோராவதாக வரும் தனியார் பஸ் வளைவிலேயே முந்தும், முந்துகிற பஸ் போகிற பக்கம்தான் ஓடுகிறவர் இருப்பார். புகை வேறு. வண்டி முன்னால் போய், பொருத்தமான இடத்தில் ஒதுங்கி, எஞ்சினை நிறுத்திக் காத்திருக்கட்டும். குறுகிய தோட்டத்துப் பாதையில் வேனைவிட ஓட்டோ நல்லது, திருப்புவதற்கு இடம் தேட வேண்டாம்.

பொருத்தமான இடம் எது? கொழுந்து நிறுக்கும் மடுவத்து முற்றம், தொழிற்சாலை வாசல், கோயில் முன்றல், பஸ் நிற்காத நேரத்தில் பஸ் தரிப்பிடம். நான்கு சக்கரமும் தாருக்கு வெளியே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் குறைந்தது 100 மீற்றர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பள்ளப் பக்கத்து ஓரத்தில், மழையில் ஊறிய மண்மேல் நிறுத்தாதீர்கள். மேலே புல் உறுதியாகத் தெரியும், அடியில் மண் கரைந்திருக்கும். முன் சக்கரத்தை மலைப் பக்கம் திருப்பி, பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கட்டையை மறந்து விட்டுவிட்டுப் போவது எல்லாக் குழுவும் ஒருமுறையாவது செய்கிற பிழை, ஆகவே இரண்டு கட்டை கொண்டுபோங்கள். சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. வளைவு இருந்தால் வளைவுக்கு அந்தப் பக்கம் வையுங்கள், வருகிறவர் திரும்புவதற்கு முன்பே பார்க்கட்டும்.

இன்னொன்று, இதைத்தான் மிக முக்கியம் என்பேன். நம் நாட்டில் வாகனம் இடது பக்கம் போகிறது. ஓடுகிறவர் எதிரே வருவதைப் பார்த்தபடி வலது பக்கம் ஓடுவார். துணை வண்டி இடது பக்கம் நிற்கும். ஐந்து மணி நேரம் ஓடியவருக்குப் போத்தல் மட்டும்தான் கண்ணில் தெரியும், லொறி தெரியாது. அவர் வீதியைக் கடந்து உங்களிடம் வரக்கூடாது. நீங்கள் கடந்து அவரிடம் போங்கள், அவர் வருவதற்கு முன்பே போய் நில்லுங்கள். மலைச்சரிவு பார்வையை மறைக்கிற வலது வளைவுகளில் மட்டும் அவர் இடது பக்கம் மாற வேண்டியிருக்கும். அங்கே ஒளிரும் மேற்சட்டையும் விசிலுமாக ஒருவர் முன்கூட்டியே நின்று, எப்போது மாறுவது என்று சைகை காட்ட வேண்டும். ஓரத்து வடிகானையும் பார்த்து வையுங்கள். மூடியில்லாத கானில் பாசி படிந்திருக்கும், வாகனத்துக்கு ஒதுங்கிக் கால் வைத்தவருக்குக் கணுக்கால் போகும்.

நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம் போதும். போத்தல் மூடியை முன்பே தளர்த்தி வையுங்கள். வாழைப்பழத்தின் நுனியைக் கிள்ளி வையுங்கள். குளிரில் விறைத்த விரலால் பிஸ்கட் உறையைப் பிரிக்க முடியாது, அதைப் பிரித்தே நீட்டுங்கள். ‘என்ன வேண்டும்?’ என்று கேட்காதீர்கள். களைத்தவர் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்பார். ‘தண்ணீரா, ஜீவனியா?’ என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். ஜீவனி என்பது வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு, குளுக்கோஸ் தூள்.

ஜீவனி பொதி ஒன்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், அதில் கைவைக்கக் கூடாது. அரை லீற்றர்ப் போத்தலில் முழுப் பொதியையும் கொட்டினால் கரைசல் இரட்டிப்பாகும், குமட்டும், தாகம் இன்னும் கூடும். பொதி தீர்ந்துவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் தேக்கரண்டியால் மட்டம் தட்டிய ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. மணிக்கு 400 முதல் 600 மில்லிலீற்றர் வரை பெரும்பாலோருக்குப் போதும். வெறும் தண்ணீரை அளவில்லாமல் ஊற்றிக் கொடுப்பது அன்பு இல்லை, ஆபத்து. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் தலைவலி, வாந்தி, குழப்பம், கடைசியில் வலிப்புகூட வரும். தாகத்தால் சோர்ந்தவரும் இப்படித்தான் தெரிவார், அதனால் குழு இன்னும் தண்ணீர் கொடுக்கும். கையைப் பிடித்துப் பாருங்கள். காலையில் தளர்வாகச் சுழன்ற மோதிரம் இப்போது விரலில் இறுகியிருந்தால், கைக்கடிகாரப் பட்டி சதையில் பதிந்திருந்தால், தண்ணீரை நிறுத்துங்கள். புத்தியும் தடுமாறினால் 1990 என்ற அம்பியூலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். அம்பியூலன்ஸ் கேட்கும்போது வீதியின் பெயர், கிலோமீற்றர்க் கல்லின் எண், தோட்டம், டிவிஷன் எல்லாம் சொல்லுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் விட்டுப்போகும். எங்கே விட்டுப்போகிறது என்று முதல் நாளே வழியில் போய்க் குறித்து வையுங்கள்.

ஜீவனி சாப்பாடு ஆகாது, லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் அதில் உண்டு. நீண்ட ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து வேண்டும். புளிவாழைப்பழம், உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கு, பேரீச்சம்பழம், பாற்சோற்றுத் துண்டு, மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீ. ரொட்டி நல்லதுதான், கூட வரும் காரமான கட்டைச் சம்பலை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இறக்கம் சுகம் என்று நினைப்பது வண்டியில் இருப்பவர். ஹக்கலையிலிருந்து வெலிமடைப் பக்கம் இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறது, மறுநாள் படி இறங்க முடியாமல் செய்வது அதுதான். விரல் சப்பாத்தின் முனையில் மோதி நகம் கறுக்கும். இறக்கம் தொடங்கும் முன் ஒரு நிறுத்தம் வைத்து, குதிகாலைப் பின்னால் தள்ளி, நாடாவைக் கடைசித் துளை வரை கோர்த்து இறுக்கிக் கட்டுங்கள். அடியைச் சுருக்கி வைக்கச் சொல்லுங்கள். வண்டிக்கும் இதே பாடம்: இரண்டாம் கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதி தூரத்தைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2023 ஜனவரியில் அங்கே நடந்த பஸ் விபத்தில் 7 பேர் போனார்கள். தலவாக்கலை வழியாகவே போங்கள்.

குளிரைப் பற்றி. 1,000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறு, ஏழு பாகை குறையும். கம்பளையில் வியர்த்து நனைந்த சட்டை மேலே லபுக்கலைக் காற்றில் ஐஸ் துணி. ஓடும்வரை தெரியாது, நின்ற ஐந்தாவது நிமிடம் நடுக்கம் பிடிக்கும். எல்லாரும் முதலில் தேத்தண்ணீரை நீட்டுவார்கள். வரிசை வேறு: ஈரச் சட்டையைக் கழற்று, துடை, உலர்ந்த சட்டை, தொப்பி, அதற்குப் பிறகு தேத்தண்ணீர். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால், அவர் தேறிவிட்டார் என்று எடுக்காதீர்கள். அது ஓட்டத்தை நிறுத்தும் நேரம். இந்த முடிவை ஓடுகிறவரிடம் விடக்கூடாது. யார் எடுப்பது என்று முதல் நாள் இரவே அவர் முன்னாலேயே பேசி வையுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழை. டிசம்பர், ஜனவரியில் பதுளைப் பக்கம். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை, ஆகவே ஓட்டத்தை விடியலில் தொடங்கிப் பகல் ஒரு மணிக்குள் முடியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. மஞ்சளிலேயே ஒத்திவைப்பது என் கட்சி. 2025 நவம்பர் டித்வா புயலின் மண்சரிவுகளுக்குப் பிறகு இதற்கு நியாயம் சொல்ல வேண்டியதில்லை.

உண்டியல். பொலிஸுக்கும் பிரதேச செயலகத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவியுங்கள். பெட்டியை முத்திரையிடுங்கள், இருவராகத் தூக்குங்கள், இருவராக எண்ணுங்கள். 20 ரூபா போட்ட அம்மாவுக்கும் ரசீது உண்டு. கடைத்தெருவின் சமதரையில் மட்டும் கேளுங்கள், ஓடும் வாகனத்தின் ஜன்னலுக்குப் பெட்டியை நீட்டாதீர்கள். சாரதி பெட்டியைத் தொடவே வேண்டாம், அவருக்கு வீதி போதும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரை மாற்றுங்கள்.

கடைசி இரண்டு கிலோமீற்றரில் மொத்தக் குழுவும் மாலையோடும் மேளத்தோடும் முடிவிடத்துக்கு ஓடிவிடும். அங்கேதான் ஓடுகிறவர் தனியாகிறார். ஒருவர் உலர்ந்த சட்டையோடும் அரைப் போத்தல் தண்ணீரோடும் அவர் கூடவே வரட்டும். மாலை போடும் இடத்தில் நாற்காலியை உடனே நீட்டாதீர்கள், பத்து நிமிடம் நடக்க விடுங்கள். சட்டென்று உட்கார்ந்தால் இரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். பேச்சாளர்கள் அதுவரை காத்திருக்கலாம்.