அந்த ஒரு மணி நேரம்

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

உழைப்பாளர் கணக்கெடுப்பில் கள ஆய்வாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் படிவத்தை நிரப்புவதுதான் பணி. நாங்கள் எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கடந்த ஏழு நாட்களில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?"

ஒரு வீட்டில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். பதினெட்டு வருஷம் வேலை பார்த்த ஆலையை மூடி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. தினமும் வேலை தேடிப் போய்க்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் ஒரே ஒரு நாள், லாரியிலிருந்து மூட்டை இறக்க ஆள் தேவைப்பட்டு, மூன்று மணி நேர வேலை கிடைத்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொன்னார். நான் 'வேலையில் இருப்பவர்' என்பதற்கான எண்ணை எழுதினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, வேலை இல்லைன்னுதானே சொன்னேன்? வேலையில இருக்கேன்னு எழுதறீங்களே?" என்றார்.

விதிப்படி நான் எழுதியது சரி. அவர் சொன்னதும் சரி. மாதாமாதம் செய்தியில் வாசிக்கப்படும் வேலையின்மை விகிதம் நம் ஊர் நிலைமையைக் காட்டுகிறதா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த வீடுதான் நினைவுக்கு வருகிறது.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கூட்டிய புள்ளியியலாளர் மாநாடு 1982-இல் வகுத்த வரையறை அது. ஒருவர் வேலையற்றவர் என்று கணக்கில் வர மூன்றும் பொருந்த வேண்டும். அந்த வாரத்தில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்திருக்கக் கூடாது. வேலை கிடைத்தால் சேரத் தயாராக இருக்க வேண்டும். அண்மைக் காலத்தில் வேலை தேடியும் இருக்க வேண்டும். ஒரு நாட்டின் உற்பத்தியைக் கணக்கிடும்போது, அதற்குள் போன உழைப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் விட்டுப்போகக் கூடாது. அதனால்தான் கோட்டை ஒரு மணி நேரத்தில் போட்டார்கள். வேலையின்மையைக் குறைத்துக் காட்ட யாரோ செய்த சூழ்ச்சி என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. அந்தக் கணக்குக்கு அந்த அளவு பொருத்தமானது. அதே அளவைக் கொண்டு ஒரு குடும்பத்தின் பிழைப்பை அளக்கப் போகும்போதுதான் சிக்கல்.

மூட்டை இறக்கியவராவது 'வேலையில் இருப்பவர்' என்ற கட்டத்துக்குள் வந்தார். தேடுவதையே நிறுத்திவிட்டவர் நிலைமை இன்னும் மோசம். அவர் வேலையில் இருப்பவரும் அல்ல, வேலையற்றவரும் அல்ல. 'உழைப்பாளர் தொகுதிக்கு வெளியே' என்று ஒரு கட்டம் இருக்கிறது. படிக்கிற மாணவர், ஓய்வுபெற்ற முதியவர் ஆகியோரோடு அவரும் அங்கே போய்விடுவார். இதனால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு ஊரில் உழைப்பாளர், அதாவது வேலையில் இருப்பவரும் வேலை தேடுபவரும் சேர்ந்து, நூறு பேர், அதில் பத்துப் பேருக்கு வேலை இல்லை என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 10 சதவீதம். அந்தப் பத்தில் ஐந்து பேர் அலைந்து அலைந்து ஓய்ந்து, தேடுவதை விட்டுவிடுகிறார்கள். இப்போது 95 பேரில் 5 பேர். விகிதம் 5.3 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு புது வேலைகூட வரவில்லை. அந்த ஐந்து பேர் பிழைப்புத் தேடி வேறு ஊருக்குப் போயிருந்தாலும் இதே எண்தான் வரும். ஆகவே, இளைஞர்கள் காலியாகிக்கொண்டே இருக்கும் ஒரு ஊர் புள்ளிவிவரத்தில் செழிப்பான ஊராகத் தெரிய வாய்ப்பு இருக்கிறது.

தென்னாப்பிரிக்கா இதை மறைப்பதில்லை. காலாண்டுதோறும் இரண்டு எண்களை வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் வழக்கமான வரையறைப்படி 30 சதவீதத்துக்கு மேல். தேடுவதைக் கைவிட்டவர்களையும் சேர்த்த விரிந்த வரையறையில் 40 சதவீதத்துக்கு மேல். அமெரிக்காவில் வேலையின்மைக்கு ஆறு அளவுகள் உண்டு. கொரோனா முடக்கத்தின்போது, 2020 ஏப்ரல் மாதத்துக்கு அவர்கள் முதலில் அறிவித்த விகிதம் 14.7 சதவீதம். முழு நேர வேலை கிடைக்காமல் பகுதி நேரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவர்களையும் தேடி ஓய்ந்தவர்களையும் சேர்த்தால் அதே மாதம் 22.8. அதோடு, வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த பலரை 'வேலை உண்டு, விடுப்பில் இருக்கிறார்' என்று தவறாகப் பதிந்துவிட்டதாகவும், அதைச் சரிசெய்தால் விகிதம் ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி கூடியிருக்கும் என்றும் அந்த எண்களை வெளியிடும் அரசுத் துறையே அறிக்கையில் எழுதியது. தன் பிழையைத் தானே சொல்லும் அந்தப் பழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இந்தியாவிலும் ஒரே கணக்கெடுப்பிலிருந்து இரண்டு எண்கள் வருகின்றன. 2023-24-க்கான தேசியக் கணக்கெடுப்பில், ஒருவர் ஆண்டு முழுவதும் பொதுவாக என்ன செய்தார் என்று பார்த்தால் வேலையின்மை 3.2 சதவீதம். கடந்த ஒரு வாரத்தை மட்டும் பார்த்தால் 4.9. அதே வீடுகள், அதே ஆட்கள், கேள்வி மட்டும் வேறு. பெண்களின் உழைப்புப் பங்கேற்பு, அதாவது வேலையில் இருக்கும் அல்லது வேலை தேடும் பெண்களின் பங்கு, 2017-18-இல் 23.3 சதவீதமாக இருந்தது, 2023-24-இல் 41.7 ஆகிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த உயர்வில் பெரும்பங்கு சுயதொழிலிலும், குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுவதிலும்தான் வந்தது. கையில் காசே வராத அந்த உதவியாளரும் 'வேலையில் இருப்பவர்' கட்டத்தில்தான் இருக்கிறார்.

சரி, ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் துறையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பிரிட்டனின் நிலக்கரிப் பகுதிகளின் கதை. 1984-85 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அங்கே சுரங்கங்கள் வேகமாக மூடப்பட்டன. பல ஊர்களில் சுரங்கத்தை விட்டால் ஆண்களுக்கு வேறு பெரிய வேலை கிடையாது. வேலையற்றோர் எண்ணிக்கை எகிறியிருக்க வேண்டும் அல்லவா? வேலையற்றோர் பதிவேட்டில் அப்படி நடக்கவில்லை. ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். சுரங்க வேலை போன ஆண்களில் சிலர் ஊரை விட்டுப் போயிருந்தார்கள், சிலர் தூரத்து ஊர்களுக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். பெரிய ஒரு கூட்டம் 'நிரந்தர நோயாளி' என்ற வகைக்குள் போயிருந்தது.

அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுரங்கத்தில் இருபது வருஷம் வேலை செய்த உடம்பில் நுரையீரலோ முதுகோ முழங்காலோ ஏதோ ஒன்று பழுதாகித்தான் இருக்கும். சுரங்கம் திறந்திருந்தவரை அந்த உடம்போடுதான் உழைத்தார்கள். அது மூடிய பிறகு அந்த உடம்பை யாரும் வேலைக்கு எடுக்கத் தயாராக இல்லை. வேலையற்றோர் உதவித்தொகையைவிட நோயாளிக்கான உதவித்தொகை கொஞ்சம் அதிகம், வேலை தேடியதை நிரூபிக்க வேண்டியதும் இல்லை. அதிகாரிகளும் அந்தப் பக்கமே கைகாட்டினார்கள். இப்படி ஒரு வட்டாரத்தின் வேலையின்மை, சுகாதாரப் பதிவேட்டுக்குள் போய்ப் பல ஆண்டுகள் கிடந்தது. வேலையற்றோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்த ஒருவருக்கு அந்த ஊர்கள் மீண்டு வருவதாகத் தோன்றியிருக்கும்.

பதிவேட்டை நம்புவதில் உள்ள சிக்கல் அதற்கும் முந்தையது. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்பதே அமெரிக்காவில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. 1937 நவம்பரில் தபால்காரர்கள் வீடுதோறும் ஒரு அட்டை கொடுத்தார்கள். வேலை இல்லாதவர்கள் தாங்களே நிரப்பி அனுப்ப வேண்டும். ஏறத்தாழ 78 லட்சம் பேர் பதிந்தார்கள். கையோடு, சில தபால் வழித்தடங்களில் மட்டும் ஆட்கள் நேரில் போய்க் கேட்டுச் சரிபார்த்தார்கள். அந்தக் கணக்குப்படி உண்மையான எண்ணிக்கை ஒரு கோடியே பத்து லட்சத்தை நெருங்கியது. நாலில் ஒருவருக்கு மேல் அட்டையை அனுப்பவே இல்லை! எல்லா வீட்டுக்கும் போகாமல், தேர்ந்தெடுத்த சில வீடுகளுக்கு மட்டும் நேரில் போய்க் கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பு அங்கே வேரூன்ற இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம்.

மாதிரிக் கணக்கெடுப்புக்கும் எல்லை உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் மாதம் சுமார் 60 ஆயிரம் வீடுகளைக் கேட்கிறார்கள். நாடு முழுமைக்கு அது போதும். ஆனால் அதில் உங்கள் ஊருக்கு எத்தனை வீடு விழும்? ஒரு ஊரில் நூறு உழைப்பாளர்களிடம் கேட்டு ஐந்து பேர் வேலையற்றவர்கள் என்று வந்தால், உண்மை விகிதம் 1 சதவீதத்துக்குப் பக்கத்திலும் இருக்கலாம், 9 சதவீதத்துக்குப் பக்கத்திலும் இருக்கலாம். கேட்கப்பட்டவர் கூட்டம் அவ்வளவு சிறியது. அதனால்தான் சிறு வட்டாரங்களுக்கு நேரடிக் கணக்குக்குப் பதிலாகப் பல இடங்களில், வேறு தகவல்களையும் வைத்துக் கணித்துச் சொல்லும் மதிப்பீட்டு முறைகளைப் பயன்படுத்துகிறார்கள். மதிப்பீட்டில் வந்த எண் என்று தெரியாமலே அதை வைத்து எந்த வட்டாரத்துக்குப் பணம், எதற்கு இல்லை என்று முடிவெடுத்தால், அந்தப் பிழைக்கு ஒரு ஊரே விலை கொடுக்கும்.

முதலில் சொன்ன பன்னாட்டுப் புள்ளியியலாளர் மாநாடு 2013-இல் கூடியபோது, வேலையின்மை விகிதத்தைத் தனியாக வெளியிட வேண்டாம், குறைந்த நேர வேலையில் சிக்கியவர்களையும் வேலை விரும்பியும் தேடாதவர்களையும் காட்டும் அளவுகளையும் சேர்த்து வெளியிடுங்கள் என்று பரிந்துரைத்தது. நல்ல முடிவு. பல நாடுகள் அவற்றைக் கணக்கிட்டு வெளியிடவும் செய்கின்றன. செய்தியில் மட்டும் இன்றும் ஒற்றை எண்தான் முன்னால் நிற்கிறது.

அப்புறம், உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பிரிட்டனில் 2023 அக்டோபரில், கணக்கெடுப்புக்குப் பதில் சொல்பவர்கள் மிகவும் குறைந்துவிட்டதால், உழைப்பாளர் கணக்கெடுப்பு எண்களை வெளியிடுவதையே தேசியப் புள்ளியியல் அலுவலகம் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருந்தது. கதவைத் திறக்காத வீடுகள் அதிகமானால் எந்த வரையறையும் உதவாது. உங்கள் வீட்டுக்கு ஆய்வாளர் வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள். "ஏதோ ஓடுது, பரவாயில்லை" என்று முடித்துவிடாதீர்கள். வேலை இல்லை என்று அந்நியர் முன்னால் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்தை நான் எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வதைத்தான் அவரால் எழுத முடியும். போன வாரம் எத்தனை மணி நேரம் வேலை கிடைத்தது, இன்னும் எத்தனை மணி நேரம் செய்யத் தயாராக இருந்தீர்கள், கடைசியாக எப்போது வேலை தேடினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

மூட்டை இறக்கிய அந்த மனிதரிடம் அன்று நான் மேலும் கேட்டேன். இன்னும் நாற்பது மணி நேரம் வேலை செய்யத் தயார் என்றார். அதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் 40 என்று எழுதி அவரிடம் காட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

வணக்கம்.