பிலிம்பேர் கொடுத்தும் வைஜயந்திமாலா ஏன் வாங்கலை? ஒரு பல்லக்குக் காட்சியில இருக்கு பதில்!

வணக்கம் மக்களே! ஒரு நடிகைக்கு பிலிம்பேர் விருது அறிவிக்கிறாங்க. இந்தி சினிமாவுல எல்லாரும் ஏங்குற விருது. நடிகைக்கு அப்போ இருபது வயசை ஒட்டித்தான் இருக்கும். நம்ம திருவல்லிக்கேணியில பிறந்த பொண்ணு. "எனக்கு இது வேண்டாம்"னு சொல்லிட்டாங்க.

அவங்க வைஜயந்திமாலா. படம், பிமல் ராய் 1955-ல எடுத்த தேவதாஸ். விருது, துணை நடிகைக்கானது. "சுசித்ரா சென் பாத்திரமும் என் பாத்திரமும் சமம்தானே, அப்புறம் நான் எப்படித் துணை நடிகை?" இதுதான் அவங்க வாதம். திமிருன்னு நினைக்கிறவங்க இந்த வீடியோவைக் கடைசி வரைக்கும் பாருங்க. அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. அதுக்கு சாட்சி அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கு.

கதை தெரியாதவங்களுக்கு வேகமா சொல்லிடறேன். சரத்சந்திரர் இளவயசுல எழுதி, 1917-ல புத்தகமா வந்த வங்காள நாவல். ஜமீன்தார் வீட்டுப் பையன் தேவதாஸ், பக்கத்து வீட்டுப் பொண்ணு பார்வதி, செல்லமா பாரோ. அந்தஸ்து குறைச்சல்னு அவன் அப்பா மறுத்துடறாரு. அவனும் தயங்கித் தயங்கி எல்லாத்தையும் கோட்டை விடறான். அவளை விட வயசுல மூத்த பிள்ளைங்க இருக்கிற ஒரு ஜமீன்தாருக்கு அவளைக் கட்டி வைக்கிறாங்க. இவன் கல்கத்தாவுல குடியில விழறான். அங்கே சந்திரமுகின்னு ஒரு தாசி இவன் மேல உயிரையே வைக்கிறா. பிமல் ராய் படத்துல திலீப் குமார் தேவதாஸ், சுசித்ரா சென் பாரோ, நம்ம வைஜயந்திமாலா சந்திரமுகி.

நம்ம ஊர்ல 1953-லயே நாகேஸ்வர ராவ், சாவித்திரி நடிச்சு தமிழ்லயும் தெலுங்குலயும் வந்துடுச்சு. கண்டசாலா குரல்ல "உலகே மாயம்" கேக்காத வீடு உண்டா? காதல்ல தோத்து தாடி வெச்சவனுக்கெல்லாம் தேவதாஸ்னே பேரு வெச்சுட்டோம். அதனாலயே இது ஒரு குடிகாரன் கதைன்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு.

பிமல் ராய் அப்படிப் பார்க்கலை. இந்தக் கதை அவருக்குப் புதுசும் இல்லை. 1936-ல பரூவா இயக்கத்துல சைகால் நடிச்ச இந்தி தேவதாஸுக்கு கேமரா பிடிச்சவரே இவர்தான். 19 வருஷம் கழிச்சு தானே இயக்கி, அந்த ரெண்டு பேருக்கும் தன் படத்தைக் காணிக்கையாக்கினாரு. கூடவே நாவல்ல இல்லாத ஒரு காட்சியையும் சேர்த்தாரு.

அந்தக் காட்சிக்காகத்தான் இந்த வீடியோவே. சரத்சந்திரர் நாவல்ல பாரோவும் சந்திரமுகியும் ஒரு தடவை கூட நேருக்கு நேர் பார்த்துக்க மாட்டாங்க. படத்துல பார்த்துக்கறாங்க. சந்திரமுகி தன் பழைய வாழ்க்கையை உதறிட்டு, தேவதாஸைத் தேடி கிராமத்துப் பாதையில நடந்து வர்றா. நகை இல்லை, ஜரிகை இல்லை. எதிர்ல ஒரு பல்லக்கு. உள்ளே ஜமீன்தார் பெண்டாட்டியா பாரோ. ரெண்டு பேர் கண்ணும் சந்திக்குது. இவ யாருன்னு அவளுக்குத் தெரியாது, அவ யாருன்னு இவளுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை பேசலை. பல்லக்கு போயிடுது. அவ்வளவுதான்!

எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். ஒருத்தனைப் பத்தி இந்த உலகத்துல மனசு விட்டுப் பேசிக்கக்கூடிய ரெண்டே ரெண்டு பேர், தெரியாமலே ஒருத்தரை ஒருத்தர் கடந்து போறாங்க. ஒருத்திக்கு அவன் சின்ன வயசுலேர்ந்து சொந்தம். கல்யாணத்துக்கு முன்னாடி அவன் அடிச்ச அடியோட தழும்பு அவ நெத்தியில இருக்கு. இன்னொருத்தி, அவன் உடைஞ்சு போனதைப் பக்கத்துலேயே உக்காந்து பார்த்தவ. "தாங்கிக்கிறதுக்காக எந்தப் பாவி குடிக்கிறான், மூச்சு விடத்தான் குடிக்கிறேன்"ங்கிற அர்த்தத்துல திலீப் குமார் பேசுற அந்தப் புகழ்பெற்ற வசனம் இருக்கே, ராஜிந்தர் சிங் பேடி எழுதினது, அதைக் கேக்கறவளும் சந்திரமுகிதான். பாரோவுக்கு அவனோட பால்யம், இவளுக்கு அவனோட வீழ்ச்சி. இதுல எது தூக்கல், எது துணை?

இப்போ அந்த விருதை யோசிச்சுப் பாருங்க. இயக்குநரே ரெண்டு பேரையும் ஒரே பாதையில எதிரெதிரா நிறுத்தி, சமமா பார்க்க வெச்சுட்டாரு. பல்லக்குல போறவ கதாநாயகி, நடந்து வர்றவ துணைன்னு பிரிச்சா அந்தக் காட்சிக்கு அர்த்தமே போயிடும். வைஜயந்திமாலா தன் பாத்திரத்தை அவ்வளவு ஆழமா புரிஞ்சு வெச்சிருந்தாங்க. திலீப் குமாருக்கு சிறந்த நடிகர் விருது, தேவதாஸோட நண்பன் சுன்னிலாலா வந்த மோதிலாலுக்குத் துணை நடிகர் விருது. அதுல எனக்கு ஒரு தகராறும் இல்லை.

2002-ல சஞ்சய் லீலா பன்சாலி எடுத்தப்போ இதே ரெண்டு பேரையும் துர்கா பூஜையில சேர்ந்து ஆடவே வெச்சாரு. ஐஸ்வர்யா ராய், மாதுரி தீட்சித், சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை. கண்ணை எடுக்க முடியாது, ஒத்துக்கறேன். ஆனா அங்கே ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும், எல்லாத்தையும் பேசிடறாங்க. பிமல் ராய் பேச விடலை. அந்த ஏக்கம் நம்மகிட்டயே தங்கிடுது. என் ஓட்டு கருப்பு வெள்ளைக்குத்தான்.

எஸ்.டி. பர்மன் இசை, சாகிர் பாட்டு, தலத் மஹ்மூத் குரல்ல "மித்வா"... அதுக்கெல்லாம் தனி வீடியோ போடறேன். இன்னைக்கு ராத்திரி அந்தப் பல்லக்குக் காட்சியை மட்டும் ரெண்டு தடவை பாருங்க. முதல் தடவை பாரோ முகத்தை மட்டும், அடுத்த தடவை சந்திரமுகி முகத்தை மட்டும். யாரு முகம் உங்களை விட்டுப் போகலைன்னு கமெண்ட்ல எழுதுங்க, ஒண்ணு விடாம படிப்பேன்.