குரல் கேட்கும்போது நெஞ்சு ஏன் படபடக்கிறது?

அடுத்த கேள்வி, ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். அவருடைய தம்பி நான்கு வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். குரல் கேட்கும்போது நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. காலையில் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, ராத்திரி எச்சில் வழிந்து தலையணை நனைந்துவிடுகிறது. "இதெல்லாம் நோயா, மாத்திரையா? தானியங்கு நரம்புக் கோளாறுதான் மூல காரணம், மூச்சுப் பயிற்சி செய்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். மாத்திரையை நிறுத்தலாமா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தாதீர்கள். சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, எச்சில், குடல் அசைவு இவையெல்லாம் நம்மைக் கேட்டு நடப்பதில்லை. தானியங்கு நரம்பு மண்டலம் பார்த்துக்கொள்கிறது. அதில் பரிவு நரம்புகள் தெருநாய் துரத்தும்போது வேலை செய்பவை. எதிர்ப்பரிவு நரம்புகள் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கும்போது வேலை செய்பவை. உங்கள் தம்பிக்கு "உன்னைக் கொல்ல வருகிறார்கள்" என்று ஒரு குரல் கேட்டால், நமக்கு அது இல்லாத குரல். அவர் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நாய் துரத்தினால் என்ன நடக்குமோ அதுவேதான் நடக்கும். படபடப்பும் வியர்வையும் நடிப்பு இல்லை. "ஒண்ணுமில்ல, சும்மா இரு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பயம் மட்டுமே காரணமா என்றால், அதுவும் இல்லை. மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். வேகஸ் என்ற எதிர்ப்பரிவு நரம்பு பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதால் வரும் ஏற்ற இறக்கம் அது. மனச்சிதைவு உள்ளவர்களைக் கூட்டாக அளந்து பார்த்தால் இந்த ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கிறது. இன்னும் மாத்திரையே தொடங்காதவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மனச்சோர்விலும் சர்க்கரை நோயிலும்கூட இது குறையும். அதனால் துடிப்பை அளக்கும் ஸ்மார்ட் கைக்கடிகாரத்தில் வரும் எண்ணை வைத்து யாருக்கும் மனச்சிதைவு என்று சொல்ல முடியாது. இதுதான் நோயின் வேர் என்றும் சொல்ல முடியாது. பயத்தையும் இதயத்தையும் சேர்த்துக் கவனிக்கும் மூளைப் பகுதிகள் நோயில் பாதிக்கப்படுவதன் ஒரு அடையாளம் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஒரு சின்னக் கதை. ஆன்றி லபோரி என்ற பிரெஞ்சுக் கடற்படை அறுவை மருத்துவர், அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியில் தானியங்கு நரம்புகள் தறிகெட்டு ஓடாமல் இருக்க ஒரு மருந்து தேடிக்கொண்டிருந்தார். அப்படிக் கையில் கிடைத்ததுதான் குளோர்புரோமசின். அதைக் கொடுத்த நோயாளிகள் விழித்திருந்தும் விசித்திரமான அமைதியோடு இருந்ததைப் பார்த்து, மனநல மருத்துவர்களிடம் சொன்னார். 1952-ல் பாரிஸில் ழான் டிலேயும் பியர் டெனிகரும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். மனச்சிதைவுக்கு முதல் மருந்து இப்படித்தான் வந்தது.

அதனால் இந்த மாத்திரைகள் தானியங்கு நரம்புகளைத் தொடாமல் விடுவதில்லை. எழுந்து நின்றதும் ரத்தக் குழாய்கள் சுருங்க வேண்டும். சில மாத்திரைகள் அந்தச் சுருக்கத்தைத் தடுக்கும், கண் இருட்டும். எழுந்ததும் ஓரிரு நிமிடம் கட்டில் ஓரத்திலேயே காலைத் தொங்கப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். எச்சில் வழிகிறது என்றதும் எனக்கு மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் என்ற மாத்திரை நினைவுக்கு வந்தது. மாத்திரையின் பெயர் நீங்கள் எழுதவில்லை. குளோசபின் விசித்திரமான மாத்திரை, எச்சிலை வழியவிடும், குடலை மட்டும் கட்டிப்போடும். இதயத் துடிப்பையும் கூட்டும். எச்சிலுக்கு ஒருக்களித்துப் படுத்தால் போதும், தலையணைமேல் ஒரு துண்டு விரித்துக்கொள்ளலாம். நான் அதிகம் பயப்படுவது மலச்சிக்கலுக்குத்தான். தம்பி தானாகச் சொல்லமாட்டார், கூச்சப்படாமல் நீங்கள் கேளுங்கள். பல நாள் போகாமல் வயிறு உப்பி வாந்தியும் வந்தால் காத்திருக்காதீர்கள். கடும் காய்ச்சல், உடம்பு கட்டைபோல் விறைப்பு, வியர்வை, குழப்பம் எல்லாம் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான், அன்றே மருத்துவமனை.

கை நடுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில் என்ற மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் வியர்வை குறையும். கத்திரி வெயிலில் இரண்டு சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போகிறாரா என்று கவனியுங்கள், உடம்புச் சூடு ஏறிவிடும்.

மூச்சுப் பயிற்சி தாராளமாகச் செய்யலாம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் மெதுவாக விட்டால் வேகஸ் பிரேக் நன்றாகப் பிடிக்கும், படபடப்பு தணியும். ஆனால் குரல் அதனால் நிற்காது. கண்ணை மூடி உட்கார்ந்ததும் குரல் அதிகமாகிறது என்று சொன்னால் விட்டுவிடுங்கள், இரண்டு பேரும் நடக்கப் போங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்: குளோசபினைத் திடீரென்று நிறுத்தினால் குரல்கள் திரும்புவதோடு வாந்தி, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள். படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்ற பிறகு ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.