சட்டம் ஆவதற்கு முன்பே படித்துவிடுவோம்

அவையோருக்கு வணக்கம்.

ஊழலுக்கு எங்கே இடம் இருக்கிறது, மனித உரிமை எங்கே அடிபடுகிறது என்று ஒரு மசோதாவை எப்படிப் படித்துப் பார்ப்பது? இதைப் பற்றித்தான் பேசச் சொன்னீர்கள். நேராக ஒரு மசோதாவையே எடுத்துக்கொள்கிறேன். நம் சட்டமன்றத்தில் வந்த மசோதா.

2023 ஏப்ரல் 21. தொழிற்சாலைகள் சட்டத்துக்கான தமிழ்நாடு திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அறிமுகமானது ஏப்ரல் 12-ஆம் தேதிதான். ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. 12 மணி நேர வேலையா என்று ஊரெல்லாம் கேட்டார்கள். ஆனால் எத்தனை பேர் அந்த வாசகத்தைப் படித்தார்கள்?

65ஏ என்று ஒரு புதிய பிரிவு. சாரம் இதுதான்: மாநில அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு, எந்தத் தொழிற்சாலைக்கும், அல்லது எந்த வகைத் தொழிற்சாலைகளுக்கும், 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கலாம். படித்தால் சாதுவாகத் தெரியும், வெறும் எண்கள்தானே. பிரித்துப் பாருங்கள். 51 என்பது வாரத்துக்கு 48 மணி நேர வரம்பு. 52 வார விடுமுறை. 54 ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். 55 இடைவேளை. 56, வேலை நேரமும் இடைவேளையும் சேர்ந்து ஒரு நாளில் எவ்வளவு நீளலாம் என்பது. 59 கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். ஒரு தொழிலாளியின் உடம்புக்கு அன்றைய சட்டம் தந்திருந்த பாதுகாப்பில் பெரும்பகுதி இந்த ஆறு எண்களுக்குள் இருந்தது.

மனித உரிமைக்காகப் படிக்கிறவர் இங்கேயே பேனாவை எடுத்துவிடுவார். ஊழலுக்காகப் படிக்கிறவர் இன்னும் சில கேள்விகள் கேட்பார். விலக்கு யாருக்கு? எந்தத் தகுதியில்? பக்கத்து ஆலைக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காவிட்டால் நான் எங்கே போய் முறையிடுவது? அளவுகோல் எழுதப்படாத ஒரு சலுகை, விரும்பினால் தரலாம் என்ற அதிகாரம், அந்தச் சலுகையால் பல கோடி மிச்சமாகும் ஒரு முதலாளி. இந்த மூன்றும் ஒரே அறையில் இருந்தால் அங்கே என்ன பேசப்படும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. யாரோ கெட்ட எண்ணத்தில் எழுதினார்கள் என்று நான் குற்றம் சொல்லவில்லை. எழுதியவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளை அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கும் சேர்த்துத்தானே சட்டம் எழுதுகிறோம்?

விரும்புகிற தொழிலாளர்களுக்கு மட்டும்தான் என்று அமைச்சர்கள் விளக்கம் தந்தார்கள். வாயால் சொன்ன உறுதி வாய்ச்சொல்லாகவே நின்றுவிடும். பத்து வருஷம் கழித்து ஒரு தொழிலாளி காட்டக்கூடியது அச்சான வாசகத்தை மட்டும்தான். தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். நல்ல முடிவு, மனதார வரவேற்கிறேன். ஆனால் கவனியுங்கள், படித்ததும் கேட்டதும் வாக்கெடுப்புக்குப் பிறகு நடந்தன. முன்பே நடந்திருக்க வேண்டிய வேலை அது.

சில நாடுகள் இதை முறையாகவே செய்கின்றன. தென் கொரியாவில் 2006 முதல், வரைவு நிலையிலேயே ஊழல் எதிர்ப்பு ஆணையம் சட்டங்களைச் சலித்துப் பார்க்கிறது. கிழக்கு ஐரோப்பாவின் சிறு நாடான மால்டோவாவும் ஏறக்குறைய அதே காலத்தில் தொடங்கியது, 2017-இல் வந்த சட்டமும் அதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. அங்கே நிபுணர்கள் தேடுவது என்னென்ன? காலக்கெடு இல்லாத அனுமதி, 'தேவைப்படும் பிற ஆவணங்கள்' என்று முடியும் பட்டியல், உரிமம் தருபவரே சோதனையும் போட்டு அபராதமும் விதிக்கும் ஏற்பாடு, மேல்முறையீடு பற்றிய மௌனம். இதனால் மால்டோவாவில் ஊழல் ஒழிந்துவிட்டதா? இல்லை. 2014-இல் அங்கே மூன்று வங்கிகளிலிருந்து சுமார் 100 கோடி டாலர் காணாமல் போனது. ஆனாலும் மசோதாவோடு எச்சரிக்கை அறிக்கையும் பொதுவில் இருந்தால், தெரியாமல் கை தூக்கிவிட்டேன் என்று எந்த உறுப்பினரும் பிறகு சொல்ல முடியாது.

எச்சரிக்கையைக் காதில் வாங்காமல் போனால் என்ன விலை? தேர்தல் பத்திரங்களைப் பாருங்கள், கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வங்கியில் வாங்கிய பத்திரங்கள். 2017 ஜனவரி 30-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஆட்சேபம் எழுதி அனுப்பியது. பணம் உண்மையில் யாருடையது என்று தெரியாமல் போகும் என்றது. இதற்கான நிதி மசோதா அச்சாகிவிட்டது, உங்கள் யோசனை தாமதமாக வந்திருக்கிறது என்பது நிதி அமைச்சகம் சொன்ன பதில். மாநிலங்களவை பரிந்துரை மட்டுமே செய்ய முடிகிற பண மசோதாவாக அது வந்ததால், மாநிலங்களவை சொன்ன ஐந்து திருத்தங்களையும் மக்களவை தள்ளிவிட முடிந்தது. நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் நன்கொடை தரலாம் என்ற வரம்பும் போயிற்று. நன்கொடை கொடுப்பதற்கென்றே போலி நிறுவனங்கள் முளைக்கும் என்று தேர்தல் ஆணையம் மே மாதம் எழுதியது, அதற்குள் சட்டம் வந்துவிட்டது. 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் திட்டத்தை ரத்து செய்தார்கள். கட்சிக்குப் பணம் யார் தருகிறார்கள் என்று தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்றார்கள். அதற்குள் சுமார் 16,500 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்றாகிவிட்டன. ஊழலுக்கு வழி, வாக்காளரின் உரிமைக்குக் கேடு, இரண்டும் ஒரே சட்டத்தில்! எச்சரித்த கடிதங்கள் கோப்பில் பத்திரமாக இருந்தன.

இதற்கு விதி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2014-இல் மத்திய அரசு வகுத்த முன் கலந்தாய்வுக் கொள்கையின்படி, வரைவை குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், அடிப்படை உரிமைகளுக்கும் வாழ்வாதாரத்துக்கும் என்ன பாதிப்பு என்றும் சொல்ல வேண்டும். ஆனால் அது வெறும் கொள்கை, மீறினால் கேட்க ஆளில்லை. மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவாவது பார்க்குமா? 15-ஆவது மக்களவையில் (2009-14) 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின, 17-ஆவதில் (2019-24) 16 சதவீதம்தான். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

சரி, சட்டம் படிக்கும் மாணவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேலை. அதே 2023 ஏப்ரல் 21 அன்று இன்னொரு மசோதாவும் நிறைவேறியது, தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டம். பன்னிரண்டு மணி நேர வேலை பற்றிய சத்தத்தில் அதைப் பலர் கவனிக்கவே இல்லை. நீர்நிலைகள் உள்ள பெருநிலங்களைப் பற்றியது. அது திரும்பப் பெறப்படவில்லை. 65ஏ-வைப் படித்த மாதிரியே அதையும் வரி வரியாகப் படியுங்கள். எது சிறப்புத் திட்டம் என்று யார் முடிவு செய்கிறார்? நிபுணர் குழுவில் யாரெல்லாம்? ஏரியை நம்பி வாழ்கிறவர் ஆட்சேபம் சொல்ல எத்தனை நாள்? அந்தக் குழு சொன்னதை அரசு ஏற்காவிட்டால் காரணம் எழுத வேண்டுமா? பதிலை ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் தொகுதி உறுப்பினருக்கு அனுப்புங்கள். எனக்கும் ஒரு நகல் வேண்டும்.

நன்றி. வணக்கம்.