எக்கோடிசைன் முத்திரை இருந்தால் போதுமா? புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகடுப்பு வாங்குவது பற்றி

வணக்கம். போன காணொளியின் கீழே வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். வடமேற்கு லண்டனிலிருந்து ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். 1930களில் கட்டிய வீடு, பழைய புகைபோக்கி அப்படியே இருக்கிறது. வரவேற்பறை ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். 8 கிலோவாட் விறகடுப்பு ஒன்றைக் கடைக்காரர் காட்டி, "எக்கோடிசைன் முத்திரை இருக்கிறது, எந்தப் பகுதியிலும் எரிக்கலாம்" என்று சொன்னாராம். அது சரியா என்பது முதல் கேள்வி. தைப்பொங்கலுக்குத் தோட்டத்தில் விறகு மூட்டிப் பொங்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். இங்கிலாந்துச் சட்டத்தை வைத்துத்தான் பேசுகிறேன். ஸ்காட்லாந்து, வேல்ஸில் இருப்பவர்கள் அங்கத்திய விதிகளைப் பாருங்கள்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: கடைக்காரர் சொன்னது தவறு. முத்திரையும் போதாது, 8 கிலோவாட்டும் வேண்டாம்.

புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் விஷயம் எளிதாகப் புரியும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து மூடின. அந்த நாட்களிலும் அடுத்து வந்த வாரங்களிலும் சுமார் 4,000 பேர் இறந்ததாக அன்றைய கணக்கு. பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அதன் விளைவுதான் 1956இன் தூய காற்றுச் சட்டம். கவுன்சில்கள் தங்கள் எல்லைக்குள் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்கலாம் என்ற அதிகாரம் அப்போது வந்தது. இன்று நடப்பில் இருப்பது 1993ஆம் ஆண்டுச் சட்டம். லண்டனின் பெரும்பகுதி இந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. உங்கள் தெரு வருகிறதா என்பதைக் கவுன்சில் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பகுதியில் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை வந்தால் கவுன்சில் 175 முதல் 300 பவுண்ட் வரை அபராதம் போடலாம். 2021இன் சுற்றுச்சூழல் சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றத்துக்குப் போகாமலே போடலாம். திறந்த கணப்பில் விறகை எரிக்கவே கூடாது; அங்கீகரித்த புகையற்ற எரிபொருள் மட்டுமே. விறகுதான் எரிக்க வேண்டும் என்றால், டெஃப்ரா எனும் சுற்றுச்சூழல் துறை விலக்கு அளித்திருக்கும் அடுப்பு வேண்டும்.

எக்கோடிசைன் வேறு, டெஃப்ரா விலக்கு வேறு. இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எக்கோடிசைன் என்பது 2022 ஜனவரி முதல் சந்தைக்கு வரும் எல்லாப் புதிய அடுப்புகளுக்குமான பொதுவான அளவுகோல். மூடிய அடுப்பு என்றால் ஒரு கன மீட்டர் புகைவாயுவில் 40 மில்லிகிராமுக்கு மேல் துகள் இருக்கக்கூடாது, வெப்பத்திறன் 65 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இந்தச் சோதனை அடுப்பு தன் முழு வேகத்தில் எரியும்போது நடக்கிறது. டெஃப்ரா விலக்குக்கான சோதனை, மணிக்கு எத்தனை கிராம் புகை என்று பார்க்கிறது: அடிப்படையாக 5 கிராம், அதோடு ஒவ்வொரு 0.3 கிலோவாட்டுக்கும் 0.1 கிராம். முக்கியமான விஷயம், காற்றைக் குறைத்து மந்தமாக எரியவிடும் நிலையிலும் சோதிக்கிறார்கள். நம் வீடுகளில் இரவு பத்து மணிக்கு என்ன செய்கிறோம்? ஒரு பெரிய கட்டையைப் போட்டு, காற்றை அடைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். புகை கிளம்புவது அப்போதுதான். முழு வேகத்தில் மட்டும் தேறிய அடுப்பு அந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எக்கோடிசைன் முத்திரை சொல்லாது.

விலக்கு பெற்ற அடுப்புகள் பலவற்றில், காற்றுக் கட்டுப்பாட்டுக் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சின்ன இரும்புத் தடை இருக்கும், சில மாடல்களில் ஒரு திருகு. கைப்பிடியை எவ்வளவு தள்ளினாலும் முழுதாக மூடாது, ஒரு கீற்று இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். மூடவில்லையே என்று அதைக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கழற்றினால் உங்களுடையது விலக்கு பெற்ற அடுப்பு அல்ல. முத்திரை ஒட்டியபடியே இருக்கலாம், சட்டம் அதைப் பார்க்காது.

ஆகவே கடைக்குப் போகும் முன் டெஃப்ராவின் இணையப் பட்டியலைத் திறந்து, மாடல் பெயரைக் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். ஒரே நிறுவனத்தின், பார்ப்பதற்கு ஒரே மாதிரியான இரண்டு அடுப்புகளில் ஒன்று மட்டும் விலக்கு பெற்றிருக்கும். பெயரின் கடைசியில் வரும் எஸ்.இ. போன்ற இரண்டு எழுத்துகள்தான் வித்தியாசம். பக்கத்தில் எந்த எரிபொருளுக்கு விலக்கு என்றும் போட்டிருக்கும். விறகு என்று மட்டும் இருந்தால் விறகு மட்டும்தான். கிளியர்ஸ்கைஸ் என்ற தரச்சான்றையும் சில அடுப்புகளில் பார்ப்பீர்கள். அதில் எண் கூடக் கூட நல்லது, 5 உச்சம். விலை கட்டுபடியானால் அதையே எடுங்கள். பழைய அடுப்பை இணையத்தில் மலிவாக வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பட்டியலில் இருந்தால் சட்டப்படி தடையில்லை. ஆனால் கதவைச் சுற்றியிருக்கும் கயிற்றுப் பட்டையைப் பாருங்கள். ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள்; வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால், கண்டபடி காற்று உள்ளே போகும் அடுப்பு அது. பட்டையை மாற்றாமல் எரிக்காதீர்கள்.

இப்போது 8 கிலோவாட்டுக்கு வருகிறேன். உங்கள் அறை 5 பெருக்கல் 4, உயரம் 2.4 மீட்டர் என்று வைத்தால் 48 கன மீட்டர். சுமாரான வெப்பக் காப்பு உள்ள அறைக்கு இதை 14ஆல் வகுப்பது தொழிலில் வழக்கம். வருவது ஏறக்குறைய 3.4. 4 கிலோவாட் அடுப்பு தாராளம். சன்னல்கள் பழையவை, காற்றுப் புகுகிறது என்றால் 5. எட்டு எதற்கு?

எட்டு வாங்கினால் என்ன நடக்கும் தெரியுமா? அரை மணி நேரத்தில் அறை கொதிக்கும். காற்றைக் குறைப்பீர்கள். விறகு என்பது எரியும்போது முதலில் வாயுவாகிறது. அந்த வாயு எரிய அடுப்புக்குள் 600 டிகிரிக்குக் குறையாத சூடும், போதுமான காற்றும் வேண்டும். நல்ல அடுப்பில் உள்ளே பதித்திருக்கும் வெர்மிகுலைட் எனும் வெப்பம் தாங்கும் கனிமப் பலகைகள் அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கின்றன. பின்சுவரில் வரிசையாக இருக்கும் சிறு துளைகள் வழியாகச் சூடேறிய காற்று வந்து, தப்பிப் போகிற வாயுவைத் தீயின் மேல்பகுதியில் எரித்துவிடுகிறது. காற்றைக் குறைத்தால் இந்த ஏற்பாடு முழுக்கப் படுத்துவிடும். எரியாத வாயு கண்ணாடியில் கறுப்பாகப் படியும், புகைபோக்கிக்குள் தாராகப் படியும், மீதி பக்கத்து வீட்டு சன்னலுக்குப் போகும். கண்ணாடி அடிக்கடி கறுத்தால் பெரும்பாலும் அடுப்பு பெரிது, அல்லது விறகு ஈரம். சின்ன அடுப்பை நன்றாக எரியவிடுவதுதான் குறைந்த புகை.

இன்னொன்றும் இருக்கிறது. கட்டட விதிகளின் ஜே பிரிவுப்படி, 5 கிலோவாட்டைத் தாண்டினால் கூடுகிற ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் நிரந்தரக் காற்றுத் துளை வேண்டும். எட்டுக்கு 1,650. அதாவது ஏறக்குறைய 4 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர் ஓட்டை, ஆண்டு முழுவதும் மூடாமல். குளிருக்காக அடுப்பு வாங்கிவிட்டுக் குளிர்காற்றுக்குச் சுவரில் வழியும் விடுவதா! காற்றுப் புகாமல் கட்டிய புதிய வீடுகளில் சின்ன அடுப்புக்கும் துளை தேவைப்படும், உங்கள் பழைய வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை. புகைபோக்கிக்குள் இறக்கும் உறையிலும் ஒரு சலுகை: விலக்கு பெற்ற அடுப்புக்கு 150க்குப் பதிலாக 125 மில்லிமீட்டர் உறை போதும், தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால். குறுகலான பழைய புகைபோக்கிகளில் இது பெரிய உதவி.

நம் வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை. சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்து ஒன்றாக்கியிருக்கிறீர்களா? மிளகாய் வறுக்கும்போது காற்று வெளியேற்றும் விசிறியை முழு வேகத்தில் போடுவோம். அது வீட்டுக் காற்றை இழுத்து வெளியே தள்ளும்போது, அந்த வெற்றிடத்தை நிரப்பப் புகைபோக்கி வழியாகக் காற்று கீழே இறங்கும், அடுப்புப் புகையோடு. புகையோடு வருவது கார்பன் மோனாக்சைடு, அதற்கு மணமில்லை. பொருத்த வருபவரிடம் விசிறியையும் அடுப்பையும் ஒன்றாக ஓடவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். சோதிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வைப்பது கட்டாயம். பொருத்துபவர் ஹெட்டாஸ் எனும் அடுப்புப் பொருத்துநர் பதிவு அமைப்பில் பதிவுள்ளவராக இருந்தால் அவரே சான்றிதழ் தருவார். இல்லாவிட்டால் கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாளைக்கு வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் முதலில் கேட்கிற தாள்களில் அந்தச் சான்றிதழும் ஒன்று.

விறகைப் பற்றிச் சொல்லாவிட்டால் இவ்வளவு பேசியதும் வீண். வெட்டிய புது மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். எரிகிற சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போகும். தீ குளிர்ந்து புகையும். 2021 மே முதல் இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், ரெடி டு பர்ன் (எரிக்கத் தயார்) முத்திரையும் வேண்டும். அதற்கு மேல் மொத்தமாக வாங்கினால் ஈர விறகும் வரலாம். ஓக் மரம் என்றால் கூரையின் கீழ், பக்கங்கள் திறந்தபடி இரண்டு வருடம் கிடக்கட்டும். ஈரமானி ஒன்று வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. ஆனால் கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்க்காதீர்கள். வெளியே 14 காட்டும், உள்ளே 28 இருக்கும். கட்டையைப் பிளந்து, பிளந்த புது முகத்தின் நடுவில் குத்துங்கள். நல்ல காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. நல்ல அடுப்பில் அதில் மூன்று உங்கள் அறைக்கு வரும். அதாவது உங்கள் அறைக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ, ஒரு நடுத்தரக் கட்டை. பெயிண்ட் அடித்த பலகை, பழைய வேலிக்கட்டை, உடைந்த அலமாரி எதையும் போடாதீர்கள். பழைய வேலிக்கட்டைகளில் ஆர்செனிக் ஏற்றியவையும் உண்டு.

மூட்டும்போது பெரிய கட்டைகளைக் கீழே வைத்து, சுள்ளிகளை மேலே வைத்து, உச்சியில் பற்றவையுங்கள். நம் ஊர் வழக்கத்துக்கு நேர் எதிர். கீழிருந்து கிளம்பும் வாயு மேலே எரிகிற தீ வழியாகவே போக வேண்டியிருப்பதால் எரிந்துவிடும். கால் மணி நேரம் கழித்து வெளியே போய்ப் புகைபோக்கியை அண்ணாந்து பாருங்கள். சூட்டில் காற்று நெளிவதைத் தவிர வேறெதுவும் தெரியக்கூடாது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், விற்பனையாளர்களுக்குப் பிடிக்காது. சட்டம் பார்ப்பது கண்ணுக்குத் தெரியும் புகையை. நுரையீரலுக்குள் போவது கண்ணுக்குத் தெரியாத பி.எம்.2.5 துகள். நாட்டில் மனிதச் செயல்களால் கிளம்பும் அந்தத் துகளில் கணிசமான பங்கு வீட்டு விறகிலிருந்து என்பது அரசின் கணக்கு. எவ்வளவு நல்ல அடுப்பும் அதை முழுதாக நிறுத்தாது. எரிவாயுக் கணப்பு ஒழுங்காக வேலை செய்கிற வீட்டில் இது ஓர் ஆடம்பரம். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் வாங்கவே வேண்டாம் என்பேன். அப்படி இல்லை, குளிர்கால மாலைகளில் மட்டும் வேண்டும் என்றால், பட்டியலில் உள்ள 4 கிலோவாட் ஒன்றைப் பாருங்கள்.

தைப்பொங்கல் பற்றி. புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டடத்தின் புகைபோக்கியைப் பற்றியது. தோட்டத்தில் திறந்தவெளியில் மூன்று கல் வைத்துப் பொங்குவதற்கு அந்த விதியில் தடையில்லை. தோட்டத்து மரக்குடிலுக்குள் அடுப்பு வைத்துக் கூரை வழியாகக் குழாய் விட்டால் மட்டும் அது புகைபோக்கி; அதற்கும் விலக்குப் பட்டியல் உண்டு. திறந்தவெளிப் புகை அடிக்கடி பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை தந்தால், 1990இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் தொல்லை என்ற தலைப்பில் கவுன்சில் வரலாம். வருடத்துக்கு ஒரு காலைக்கு யாரும் அப்படி வருவதில்லை. காய்ந்த விறகு, சின்னத் தீ. பக்கத்து வீட்டில் முந்தின நாளே சொல்லி வையுங்கள், துணி உலர்த்தியிருந்தால் எடுத்துக்கொள்வார்கள். பானை பொங்கியதும் ஒரு கிண்ணம் அங்கேயும் போகட்டும்.