பாதி மட்டும் கேட்கும் உரையாடல்

நேயர்களுக்கு வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது 15 நிமிடம். எடுத்துக்கொண்ட விஷயமோ, 30 வருடமாகப் பேசிப் பேசி வீட்டில் எல்லோரையும் ஓடவைத்த விஷயம். இங்கே ஒலிவாங்கி முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள், நீங்கள் ஓடினாலும் எனக்குத் தெரியாது, அதனால் தைரியமாக ஆரம்பிக்கிறேன்.

எமிலி டிக்கின்சன். அமெரிக்கக் கவிஞர். 1830இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹெர்ஸ்ட் என்ற சின்ன ஊரில் பிறந்து, அதே ஊரில், பிறந்த அதே வீட்டில், 1886இல் இறந்துபோனவர். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இவரைப் பற்றி ஒரு வரி கட்டாயம் தெரிந்திருக்கும். வெள்ளை உடை உடுத்தி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தனியாக இருந்து கவிதை எழுதியவர். நான் படித்த காலத்து நோட்ஸில் இதுதான் இருந்தது, நான் பாடம் நடத்தப் போன காலத்து நோட்ஸிலும் இதேதான் இருந்தது, முதல் சில வருடங்கள் நானும் வெட்கமில்லாமல் அதையே ஒப்பித்தேன்.

அப்புறம் ஒருநாள் அவருடைய கடிதங்கள் கைக்குக் கிடைத்தன. தனிமை என்று நோட்ஸ்காரர் சொன்ன அந்தப் பெண்மணி எழுதியதில் நமக்குக் கிடைத்திருப்பவை மட்டும் ஆயிரத்துக்கு மேல். 2024இல் வந்த புதிய பதிப்பில் 1,304 கடிதங்கள். கிட்டத்தட்ட நூறு பேருக்கு எழுதியிருக்கிறார். பத்திரிகை ஆசிரியர், நீதிபதி, சித்தி மகள்கள், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் என்று ஒருவரையும் விடவில்லை. கதவைச் சாத்தினார், சரி. ஆனால் கதவுக்குக் கீழே இருக்கும் இடுக்கு வழியாக ஓயாமல் காகிதம் போய்க்கொண்டே இருந்தது. காகிதத்தோடு பூவும் போகும், சில சமயம் கேக்கும் போகும். குழந்தைகளுக்கு மாடி ஜன்னலிலிருந்து கூடையில் கயிறு கட்டி இஞ்சி கேக் இறக்குவாராம்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். "ஆமாம்... இல்லை இல்லை... அவரா அப்படிச் சொன்னார்?" என்று இந்தப் பக்கம் மட்டும் நம் காதில் விழும். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று நாமே கட்டிக்கொள்ள வேண்டும். எமிலியின் கடிதங்களை வாசிப்பது அப்படித்தான். இறந்தபின் தங்கை லவினியா, அந்தக் கால வழக்கப்படி, எமிலிக்கு வந்த கடிதங்களையெல்லாம் நெருப்பில் போட்டுவிட்டார். தப்பித்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் இதற்கு வருவேன். நாம் கேட்பது பாதி உரையாடல்தான்.

இனி ஹிக்கின்சன். இவரைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, நிலையத்தார் மன்னிக்க வேண்டும்.

1862 ஏப்ரல். உள்நாட்டுப் போர் நடக்கிறது. 'அட்லாண்டிக் மன்த்லி' என்ற பெரிய இலக்கியப் பத்திரிகையில் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் புதிதாக எழுத வருபவர்களுக்கு ஒரு கட்டுரை எழுதுகிறார். நல்ல பேனா, கறுப்பு மை, வெள்ளைக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள் என்பதில் தொடங்கி நிறைய அறிவுரை. அதைப் படித்துவிட்டு ஏப்ரல் 15ஆம் தேதி ஆம்ஹெர்ஸ்டிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் போகிறது. அன்புள்ள ஐயா, நலம் நலமறிய ஆவல், எதுவும் கிடையாது. எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி: என் கவிதைக்கு உயிர் இருக்கிறதா என்று சொல்ல உங்களுக்கு நேரம் இருக்குமா? நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை, பிரசுரம் செய்வீர்களா என்றும் கேட்கவில்லை. உயிர் இருக்கிறதா, மூச்சு விடுகிறதா என்றுதான் கேட்கிறார். கூடவே நான்கு கவிதைகள். கடிதத்தில் கையெழுத்து இல்லை. உறைக்குள் இன்னொரு குட்டி உறை, அதற்குள் ஒரு அட்டை, அந்த அட்டையில் பெயர். அதுவும் பென்சிலில்! கறுப்பு மை வாங்கு என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதருக்குப் பென்சிலில் பெயர் எழுதி அனுப்புகிறார். இது குறும்பா கூச்சமா என்று இன்றுவரை எனக்கு முடிவு கட்ட முடியவில்லை. குறும்பு என்று ஒரு வருடம் நினைப்பேன், அடுத்த வருடம் கூச்சம் என்று மாறிவிடுவேன்.

ஹிக்கின்சன் பதில் போட்டார். அந்தப் பதில் நம்மிடம் இல்லை. பாதி உரையாடல், சொன்னேன் அல்லவா. ஆனால் எமிலியின் அடுத்த கடிதத்தைப் பார்த்தால் அவர் என்ன கேட்டிருப்பார் என்று தெரிகிறது. கவிதைகளை ஏதோ வெட்டித் திருத்தச் சொல்லியிருக்கிறார் போல, "அறுவைச் சிகிச்சைக்கு நன்றி, நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை" என்கிறார் எமிலி. வயதைக் கேட்டிருக்கிறார். அதற்கு நேரடிப் பதில் கிடையாது. இந்தக் குளிர்காலம் வரைக்கும் ஒன்றிரண்டு கவிதைக்கு மேல் எழுதியதில்லை என்று நழுவுகிறார். அது சுத்தப் பொய். அப்போது அவருக்கு வயது 31, மேசையில் சில நூறு கவிதைகள் இருந்தன. துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, மலைகள், அந்தி நேரம், அப்பா வாங்கிக் கொடுத்த என் அளவு பெரிய நாய் என்று பதில். மனிதர்களைவிட இவர்கள் மேல், தெரிந்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள் என்று ஒரு குத்து வேறு. நாயின் பெயர் கார்லோ. அது பின்னால் செத்துப்போனபோது எமிலி ஹிக்கின்சனுக்கு எழுதிய கடிதம் மொத்தமே இரண்டு வரி. கார்லோ இறந்துவிட்டது. இப்போது எனக்குப் பாடம் சொல்லித் தருவீர்களா? அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு அழுகை இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் என்னவோ செய்கிறது.

புகைப்படம் கேட்டிருப்பார் போல. படம் இல்லை, நம்பிக்கொள்ளுங்கள் என்று எமிலி தன்னையே வருணிக்கிறார். ரென் குருவி மாதிரிச் சின்ன உருவம், செஸ்ட்நட் கொட்டையின் முள்தோல் மாதிரி அடங்காத முடி, விருந்தாளி குடித்தது போகக் கோப்பையில் மிச்சம் விட்ட ஷெர்ரி மதுவின் நிறத்தில் கண். சொல்லுங்கள், இதற்குமேல் புகைப்படம் எதற்கு?

எல்லாரும் ஹிக்கின்சனைக் கிண்டல் செய்வார்கள். மேதை கடிதம் போட்டும் அடையாளம் தெரியாத மண்டு, பிரசுரிக்காதே பொறு என்று சொன்னவர், இறந்தபின் பதிப்பிக்கும்போது வரிகளைச் சமன்படுத்திக் கெடுத்தவர் என்று. அந்தக் கடைசிக் குற்றச்சாட்டு உண்மைதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் அவர் யார் என்று கொஞ்சம் பாருங்கள். அடிமை முறையை எதிர்த்துக் களத்தில் இறங்கிய பாதிரியார். அதே 1862ஆம் வருடக் கடைசியில், விடுதலையான கறுப்பின அடிமைகளைக் கொண்டு திரட்டிய தென் கரோலினாப் படைப்பிரிவுக்குத் தளபதியாகப் போய், மறுவருடம் காயப்பட்டு, 1864இல் படையை விட்டுத் திரும்பியவர். போர்முனைக்குப் போனவருக்கு எமிலி எழுதுகிறார்: நீங்கள் நிச்சயமில்லாதவராக ஆவதற்கு முன் உங்களை ஒருமுறை பார்த்திருக்கலாம். இப்படிப்பட்ட வாக்கியங்களைக் கூடாரத்தில் உட்கார்ந்து படித்த மனிதர், யாரோ கிறுக்கு என்று தூக்கிப் போடவில்லை. ஒன்றிரண்டு வருடமில்லை, 24 வருடம் பதில் போட்டார். எழுபது கடிதம் போல, நூறு கவிதை போல அவருக்குப் போயிருக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவருக்கு 24 வருடம் பதில் போடுவது என்றால் சும்மாவா? நாம் வாட்ஸ்அப்பில் வந்ததற்கே நாளைக்குப் போடலாம் என்று வைத்துவிட்டு மறந்துபோகிறோம். நீங்கள் என் உயிரைக் காப்பாற்றியது உங்களுக்கே தெரியாது என்று 1869இல் எமிலி அவருக்கு எழுதினார். எதைச் சொல்கிறார் என்று ஆராய்ச்சியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பதில் போட்டதைத்தான் சொல்கிறார் என்பது என் கட்சி.

1870 ஆகஸ்ட் 16, இருவரும் முதல்முறை நேரில் பார்க்கிறார்கள். எட்டு வருடம் கழித்து. அன்றிரவே ஹிக்கின்சன் மனைவிக்கு எல்லாவற்றையும் எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. குழந்தை ஓடிவருவது போலக் காலடிச் சத்தம். வெள்ளை உடை, நீலச் சால்வை. இரண்டு லில்லிப் பூவைக் கையில் கொடுத்து, "இதுதான் என் அறிமுகம்" என்கிறார். பயமாக இருக்கிறது, அந்நியரைப் பார்த்துப் பழக்கமில்லை, என்ன பேசுகிறேன் என்றே தெரியாது என்று சொல்லிவிட்டு, பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை! வீட்டு ரொட்டி முழுக்கத் தானே சுடுவதையும் சொல்கிறார், அப்பாவுக்கு வேறு யார் கை ரொட்டியும் பிடிக்காதாம். நடுவில் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம்: ஒரு புத்தகத்தைப் படித்து, எந்த நெருப்பாலும் சூடேற்ற முடியாத அளவுக்கு உடம்பு சில்லிட்டுப் போனால் அது கவிதை என்று எனக்குத் தெரியும், உச்சந்தலையைப் பெயர்த்து எடுத்த மாதிரி இருந்தால் அது கவிதை என்று தெரியும். நெருப்பாலும் சூடேற்ற முடியாத. இதையும் மனதில் வையுங்கள். ஹிக்கின்சனோ களைத்துப்போய், என் நரம்புச் சக்தியை இப்படி உறிஞ்சிய ஆளை நான் பார்த்ததில்லை, பக்கத்து ஊரில் குடியிருக்கவில்லை என்பதே நிம்மதி என்று எழுதினார். அவர் மனைவி கேட்ட கேள்வி இன்னும் அழகு: ஏன் இந்தப் பைத்தியங்கள் எல்லாம் உங்களையே பிடித்துக்கொள்கின்றன?

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி சரி, வேகமாகப் போகிறேன்.

சாமுவேல் போல்ஸ் என்று ஒருவர், 'ஸ்பிரிங்ஃபீல்ட் ரிப்பப்ளிகன்' நாளிதழ் ஆசிரியர், குடும்ப நண்பர். ஒருமுறை பார்க்க வந்தபோது எமிலி மாடியை விட்டு இறங்க மறுத்துவிட்டார். போல்ஸ் மாடிப்படிக்குக் கீழே நின்று, அடி பாழாய்ப்போன போக்கிரி, ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து உன்னைப் பார்க்க வந்திருக்கிறேன், இறங்கி வா என்று கத்தினாராம். இறங்கி வந்தார், அருமையாகப் பேசினார் என்று கதை. பின்னால் அவருக்கு எழுதிய கடிதத்தில் "உங்கள் போக்கிரி" என்று கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு குறிப்பு: அடைமொழியைக் கழுவிவிட்டேன்! இந்த ஒரு வரிக்காகவே நோட்ஸ்காரரை நான் மன்னிக்க மாட்டேன்.

இப்போது முக்கியமான ஆள், சூசன். உண்மையில் இவரை வைத்துத்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். எமிலியைவிட ஒன்பது நாள் இளையவர், சிநேகிதி, பிறகு அண்ணன் ஆஸ்டினைக் கட்டிக்கொண்டு அண்ணியானவர். பக்கத்து வீடு, நடுவே ஒரு வேலி. அந்த வேலியைத் தாண்டி 250 கவிதைகளுக்கு மேல் போயிருக்கின்றன, வேறு யாருக்கும் இவ்வளவு போகவில்லை. 1861இல் ஒரு கவிதையை அனுப்புகிறார், கல்லறையில் உறங்குபவர்களைப் பற்றியது. இரண்டாம் பத்தி எனக்குப் பிடிக்கவில்லை என்று சூசன் முகத்துக்கு நேரே எழுதுகிறார். எமிலி வேறு பத்தி எழுதி அனுப்புகிறார். இந்த உரையாடலில் சூசனின் பதில், அதிர்ஷ்டவசமாக, தப்பித்திருக்கிறது. முதல் பத்தி மட்டும் போதும், அதற்கு ஜோடி உன் ராஜ்யத்திலேயே கிடையாது, அதை நினைத்தால் குளிர்காய நெருப்பருகே போகிறேன், ஆனால் இனி ஒருபோதும் என்னால் சூடேற முடியாது என்கிறார்.

கவனித்தீர்களா? சூசன் எழுதியது 1861. எமிலி ஹிக்கின்சனிடம் நெருப்பாலும் சூடேறாத குளிர் என்று சொன்னது 1870. உலகமெல்லாம் எமிலியின் இலக்கணம் என்று மேற்கோள் காட்டுகிற வாக்கியத்துக்குள் வேலிக்கு அந்தப் பக்கத்து அண்ணியின் கணப்பு எரிந்துகொண்டிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. தப்பிய ஒரே ஒரு துண்டுச் சீட்டில் இவ்வளவு இருந்தால், லவினியா எரித்ததில் என்னென்ன போயிற்றோ.

இரண்டு நிமிடம்தானா? ஹெலன் ஹன்ட் ஜாக்சனுக்கு அரை மணி நேரம் வைத்திருந்தேன். அதே ஊர்க்காரர், அந்தக் காலத்தில் மிகப் பிரபலமான எழுத்தாளர், நீ பெரிய கவிஞர், உரக்கப் பாடாமல் இருப்பது உன் காலத்துக்குச் செய்யும் அநியாயம் என்று 1876இல் எமிலியை உலுக்கியவர். விடாப்பிடியாக ஒரு கவிதையை வாங்கி 1878இல் பெயர் போடாத தொகுப்பு ஒன்றில் சேர்த்தார். அந்தக் காலத்துப் பெரிய அமெரிக்க எழுத்தாளர் எமர்சன் எழுதியது என்று படித்தவர்கள் நினைத்தார்கள். எமிலி உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தது மொத்தம் பத்துக் கவிதைதான், எழுதியது 1,800க்குப் பக்கம்.

கடிதங்களை முதலில் 1894இல் பதிப்பித்தவர் மேபல் லூமிஸ் டாட். எமிலியை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை, எமிலி கண்ணில் படாமல் வெளியே இருந்து கேட்க, உள்ளே பியானோ வாசித்திருக்கிறார். ஆஸ்டினின் காதலி வேறு. ஆகவே அந்தப் புத்தகத்தில் சூசனுக்கு எழுதிய ஒரு கடிதமும் இல்லை. ஆஸ்டினுக்கு எழுதிய பழைய கடிதங்களில் சூசன் பெயர் வரும் இடங்கள் சுரண்டப்பட்டிருக்கின்றன. இது தனி உரைக்கான சமாச்சாரம், நிலையத்தார் இன்னொருமுறை கூப்பிட்டால்...

முடித்துவிடுகிறேன். எமிலியின் கையெழுத்தைப் பார்த்தால், ஊர்க் கல்லூரி அருங்காட்சியகத்தில் கல்லில் பதிந்திருக்கும் ஆதிகாலப் பறவைக் காலடியைப் பார்த்து எழுதப் பழகிய மாதிரி இருக்கிறது என்று ஹிக்கின்சன் சொன்னார். வானொலியில் அதை எப்படிக் காட்டுவது? ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியும் ஹார்வர்டும் கையெழுத்துப் பிரதிகளை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. பேரனோ பேத்தியோ பக்கத்தில் இருந்தால் எமிலி டிக்கின்சன் கையெழுத்து என்று தேடித் தரச் சொல்லுங்கள். பழைய உறைகளைப் பிரித்து அதன் பின்பக்கத்தில் எழுதியதும் வரும், அதைத் தவறவிடாதீர்கள், நன்றி, வணக்கம்.