துக்க வீட்டுக்கு வந்த ஃபோர்மன்

வணக்கம் நேயர்களே. நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே கேட்பவர்களுக்குத் தனி வணக்கம். நானும் பல வருடம் அந்தக் கூட்டம்தான். சிங்கப்பூரின் ஜூரோங் தொழிற்பேட்டையில் மெஷின் ஓட்டி, கடைசியில் ஆள் எடுக்கும் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏன் ஒரு இடத்தில் நிலைப்பதில்லை?" என்று மேலாளர்கள் என்னிடம் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: அவர் வீட்டில் சாவு விழுந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?

ஏன் இந்தக் கேள்வி என்றால், எம்சிக்கு, அதாவது மருத்துவ விடுப்புக்கு, சட்டம் இருக்கிறது. ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், மருத்துவமனையில் படுத்தால் அதையும் சேர்த்து 60 நாள், சம்பளத்துடன். ஆனால் அப்பா இறந்தால் இத்தனை நாள் என்று வேலை நியமனச் சட்டத்தில் கிடையாது. கம்பெனி கொடுத்தால் உண்டு. அங்கேதான் முதலாளியின் மனசு தெரியும்.

என் அப்பா 1991இல் இறந்தார். கையில் ஒரு நாள் லீவுகூட மீதியில்லை, எல்லாம் ஊருக்குப் போய்த் தீர்ந்திருந்தது. எங்கள் ஃபோர்மன் சீனர். எனக்கும் அவருக்கும் பொது மொழி பாசார் மலாய், அதாவது சந்தையில் பேசும் மலாய்தான். விஷயத்தைச் சொன்னேன். "பாலேக் டூலு" என்றார். முதலில் வீட்டுக்குப் போ. அவ்வளவுதான், ஃபாரம் எதையும் நீட்டவில்லை.

அன்று சாயங்காலம், துக்கம் நடந்த எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்தார். கிரீஸ் கறையோடு, அதே ஓவராலில். ஊதுபத்தி பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலியில் இரவு பதினோரு மணி வரை உட்கார்ந்திருந்தார். பேச்சே இல்லை. மறுநாள் மண்டாய் தகனச் சாலைக்கும் வந்தார். நான் திரும்பும்வரை மூன்று பேர் என் மெஷினை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சம்பளத்தில் ஒரு காசு பிடிக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, எதிர்த்த தொழிற்சாலை மாதம் இருநூறு வெள்ளி கூடத் தருவதாகச் சொன்னது. நான் போகவில்லை. "ஒரு நாற்காலியில உட்கார்ந்ததுக்கா இருநூறு வெள்ளி?" என்று மனைவி கேட்டது இன்றும் எங்கள் வீட்டில் ஓடும் சண்டை. ஆமாம், அந்த நாற்காலிக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறகு நான் மாறிய வேறொரு கம்பெனியில் லிஃப்டுக்குள் "நாம் ஒரே குடும்பம்" என்று போஸ்டர். பிறந்தநாளுக்குக் கேக். தமிழ்நாட்டில் தாயைப் பறிகொடுத்த ஒரு தம்பியிடம் மட்டும், முதலில் இறப்புச் சான்றிதழ் அனுப்பு, பிறகு லீவு என்றார்கள். வேலை பெர்மிட் முடிந்ததும் அவர் திரும்பவே இல்லை. நல்ல வெல்டர். என்றார்கள் என்ன, என்றோம்; அந்தக் கடிதத்தில் கையெழுத்து என்னுடையது.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வானொலித் தம்பி, ஒரு நிமிடம்தான் என்று விரலைக் காட்டுகிறார். சரி, வேகமாக. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு பற்றி நிறைய எழுதி வந்தேன். 2024 டிசம்பர் 1 முதல், அம்மாவை மருந்தகத்துக்கு அழைத்துப் போக நேரத்தை மாற்றித் தரும்படி நீங்கள் முறையாக எழுதிக் கேட்டால், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் நியாயமான காரணம் வேண்டும். எழுதிக் கேளுங்கள், வாய்வழியாகக் கேட்டுவிட்டு ஏமாறாதீர்கள். ஓய்வு வயதைத் தாண்டியவர்களை மீண்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளும் மறுவேலை பற்றி இரண்டு பக்கம் அப்படியே இருக்கிறது. கூப்பிட்டால் இன்னொரு நாள் வருகிறேன். நன்றி, வணக்கம்.